மூன்று மேசைகளுக்கு ஒரு பெட்டி

எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

எண்பதுகளின் பிற்பாதி. மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில், கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். படியேறினால் நீளமான ஓர் அறை. தெருவைப் பார்த்த சன்னல்கள், இரும்பு அலமாரிகள், நடுவில் மூன்று மேசைகள், மூன்று கம்ப்யூட்டர்கள். கடைசியில் வழக்கறிஞர் சாரின் அறை. கட்டடத்தில் அங்கு மட்டும்தான் ஏர்கோன், அதாவது ஏசி, இருந்தது.

சார் கிறிஸ்தவர், பள்ளி ஆசிரியரின் மகன். நில வழக்கு, வீட்டு வழக்கு எல்லாம் பார்ப்பார். ஆனால் எங்கள் மாடிப்படியில் செருப்புகள் குவிந்தது ரப்பர்த் தோட்டத்து ஆட்களால்தான். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது ஆட்கள் சிதறிப்போனார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், குடியுரிமை தராத சிவப்பு அடையாளக் கார்டோடு வயதாகிப் போனவர்கள் நிறைய. அவர்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், யார் சாட்சி, எந்த ஆண்டு பேர் பதிந்தது என்பதை அட்டைகளில் எழுதி, சத்தியக் கடிதம் தயாரித்து, குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

அந்த வேலை எனக்குப் புரிந்த மாதிரி அங்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில், நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, சிம்பாங் பூலாய் பக்கம் இருந்த எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளிகள். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு ஈப்போ ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வந்தோம். அம்மா ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவினார். அப்பா மரப்பட்டறைக்குப் போனார். நான் பள்ளியின் ஐந்தாம் படிவம் வரை முடித்து டைப்பிங் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர்கள் வந்தபோது அவற்றோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தது நான் ஒருத்திதான். அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆளுக்கு ஒரு கட்டு டிஸ்கெட். நான் ஒருவருடைய விவரத்தைத் திருத்தினால் அது என் டிஸ்கெட்டில் மட்டும் திருந்தும். பக்கத்து மேசை அக்காவிடம் பழைய விவரமே இருக்கும். மாலையில் பிரதி எடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். வேலை மும்முரத்தில் விதி நழுவிவிடும்.

ஒருநாள் அது நன்றாகவே நழுவியது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். தோட்டத்தில் பிறந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக ரோமன் எழுத்தில் இருந்தது. தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு. நான் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, சத்தியக் கடிதத்தில் இருந்தபடி திருத்தி, என் டிஸ்கெட்டில் போட்டேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். அவர் நீலக் கார்டு நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டிய கடிதத்தை அக்கா தன் டிஸ்கெட்டிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தார். அதில் பழைய எழுத்துக்கூட்டு. பிரதி கொடுக்காமல் போனது நான்தான்.

நேர்காணலில் இரண்டு காகிதங்களும் ஒத்துப்போகவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் இரண்டு பஸ் மாறி அவர் எங்கள் மாடிக்கு வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல ஆயி," என்றார். "தோட்டத்துல கிராணி ஒரு பேரு எழுதுவாரு, வேலை வாங்குற தண்டல் ஒரு பேரு கூப்புடுவாரு, ஆஸ்பத்திரியில இன்னொரு பேரு. எனக்குப் பழகிப்போச்சு. இங்கயும் ரெண்டு பேரா இருக்கேனா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றே சரியான கடிதம் கொடுத்தோம். அடுத்த நேர்காணலில் அவருக்குக் காரியம் ஆனது. ஆனாலும் அவர் இறங்கிப் போன பிறகு நான் நேராகச் சாரின் அறைக்குப் போனேன்.

"சார், மூணு மெஷினுக்கும் பொதுவா ஒரே எடத்துல ஃபைல் இருக்கணும். டிஸ்கெட்டை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார். ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி. கேபிள் இழுத்து மூணு மெஷினையும் அதுல மாட்டலாம். பத்திரிகையில படிச்சேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். "சரி மா. நீங்களே போய்ப் பாருங்க. எது நமக்குச் சரியா வரும்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

வெளியே தலைமைக் குமாஸ்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை; ஆனால் அந்த அலுவலகத்தில் மேசை நாற்காலி வாங்குவதாக இருந்தாலும் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்.

"தங்கச்சி, இதெல்லாம் விளையாட்டு இல்ல லா," என்றார். "கோலாலம்பூர்ல பெரிய கம்பெனி ஒண்ணு இருக்கு. நான் பேசிட்டேன். அவன்கிட்டயே வாங்கிடலாம்."

"பார்ப்போம் அண்ணே. அதையும் பார்ப்போம்."

அந்த வாரம் ஒரு நோட்டில் என் கேள்விகளை எழுதிக்கொண்டேன். மெகாபைட், வேகம் என்று விளம்பரங்கள் சொன்னவற்றை வைத்து எனக்கு எதுவும் தீர்மானிக்கத் தெரியவில்லை. எங்கள் மேசையில் தினமும் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். பிற்பகல் ஆனால் ஈப்போ மலைகளைச் சுற்றி இடி இடிக்கும், கரண்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? இது முதல் கேள்வி. இரண்டு பேர் ஒரே ஆளுடைய விவரத்தை ஒரே நேரத்தில் திருத்தினால் யாருடையது நிற்கும்? இது இரண்டாவது. மூன்றாவதை அக்கா சொன்னார்: "பெட்டியே செத்துப்போச்சுன்னா? அதையும் கேளு."

முதலில் அண்ணே சொன்ன கம்பெனி. ஈப்போவில் அவர்களுக்கு ஒரு காட்சியறை இருந்தது. டை கட்டிய ஒரு தமிழ் இளைஞர் அண்ணே, அக்கா, நான் என்று மூவரையும் வரவேற்றார். பெட்டி இடுப்பு உயரம் இருந்தது. விளக்குகள் மினுங்கின. அண்ணே அதைச் சுற்றி வந்து பார்த்தார்; பார்க்கவே அவருக்குத் திருப்தி. அதற்கு ஏர்கோன் அறை கட்டாயம் என்றார் இளைஞர்.

"சார் ரூம்ல வச்சிடலாம்," என்றார் அண்ணே உடனே.

"சார் எங்க உட்காருவாரு?" என்று கேட்டார் அக்கா.

நான் என் நோட்டைத் திறந்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். ஒரே ஆளின் விவரத்தை இருவரும் திறந்தோம். பிறந்த இடம் என்று நான் சுங்கை சிப்புட் போட்டுப் பதிந்தேன். அக்கா லூமுட் போட்டுப் பதிந்தார். இரண்டு திரையும் சரி என்றே காட்டின. மறுபடி திறந்தபோது லூமுட் இருந்தது. நான் எழுதியது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

"யார் கடைசியா சேவ் பண்றாங்களோ அதுதான் நிக்கும், மிஸ்," என்றார் இளைஞர்.

"அப்ப டிஸ்கெட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

கையோடு அடுத்ததையும் கேட்டேன். "எழுதிக்கிட்டு இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிக் காட்ட முடியுமா?"

"மிஸ், அப்படியெல்லாம் யாரும் பிடுங்க மாட்டாங்க."

"ஈப்போவுல இடி பிடுங்கும்," என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அண்ணேக்குக் கோபம். எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

இரண்டாவதாக நானும் அக்காவும் போனது எங்கள் தெருவிலிருந்து நடை தூரத்தில் இருந்த கடை. டைப்ரைட்டர், ரிப்பன், கார்பன் தாள் விற்ற கடை. அப்போதுதான் கம்ப்யூட்டர்களும் வைக்கத் தொடங்கியிருந்தது. கடையின் சீன முதலாளியான தவுக்கேக்கு நாற்பது வயதிருக்கும். நான் மலாயில் தொடங்கியதும் அவர் தமிழில் பதில் சொன்னார். அவர் அப்பா ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். பிள்ளைப் பருவம் முழுக்க லயத்துப் பிள்ளைகளோடு விளையாட்டு. என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"சின்னதா ஒண்ணு இருக்கு அக்கா. பார்க்க அழகா இருக்காது. பார்க்கிறீங்களா?"

அழகாக இல்லைதான். இரண்டு சப்பாத்துக் காலணிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு, சாம்பல் நிறம், பின்னால் ஒரு விசிறி. ஏர்கோன் வேண்டாம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் காற்று போக விட்டால் போதும் என்றார். பல்லி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோலாலம்பூர் கம்பெனி இளைஞர் சொல்லாத விஷயம் அது. எங்கள் அலுவலகத்தில் பல்லிகளுக்குக் குறைவே கிடையாது.

மறுபடி நானும் அக்காவும் ஆளுக்கொரு மெஷினில். நான் முதலில் திறந்தேன். அக்கா திறக்கப் போனார். அவர் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: வேறொருவர் இதில் வேலை செய்கிறார், காத்திருக்கவும்.

"இங்க பாரு, 'கொஞ்சம் இரு'ன்னு சொல்லுது!" என்று அக்கா கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

நான் பதிந்து வெளியே வந்ததும் அவருக்குத் திறந்தது. நான் எழுதியது அங்கே அப்படியே இருந்தது.

அடுத்து பிளக். தவுக்கே தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல அக்கா." கொஞ்சம் யோசித்தார். பிறகு நான் டைப் செய்துகொண்டிருக்கும்போதே குனிந்து, தன் கையாலேயே பிடுங்கிவிட்டார். விசிறி ஓய்ந்தது. மறுபடி மாட்டினார். பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆயின. வரிசையாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது மட்டும் இல்லை.

"அந்த ஒண்ணு போயிடும்," என்றார். "போகாதுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் என் மனம் பாதி முடிவு செய்துவிட்டது. ஆனாலும் அக்காவின் கேள்வி பாக்கி இருந்தது. அவர் ஒரு டேப்பை எடுத்தார்; பாட்டுக் கேசட்டைவிடக் கொஞ்சம் பெரியது. பெட்டியில் உள்ளதை எல்லாம் தினமும் மாலையில் இதில் பிரதி எடுத்து, வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

"எடுக்கிறது சரி. திரும்ப வருதான்னு பார்க்கணும். எல்லாத்தையும் அழிங்க," என்றேன்.

"ஐயோ அக்கா, நீங்க சூசா, ரொம்பக் கஷ்டமான ஆளு லா!"

ஆனாலும் அழித்தார். டேப்பிலிருந்து எல்லாம் திரும்ப வர நேரம் பிடித்தது. கடை முன்னால் நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து மூவரும் கோப்பி குடித்தோம். திரும்பிப் போய்த் திறந்தபோது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வந்திருந்தது.

திங்கட்கிழமை சார் அறையில் கூட்டம். அண்ணேதான் முதலில் பேசினார். "சார், தவுக்கேயோட பெட்டி பிஸ்கட் டின் மாதிரி இருக்கு. நாலு பேரு வந்து போற எடம். பெரிய கம்பெனி சாமான் இருந்தா நமக்கும் மதிப்பு."

சார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். நாங்கள் செய்து பார்த்ததை எல்லாம், எந்தப் பெட்டி என்ன செய்தது என்று நடந்தபடியே சொன்னேன். கடைசியில், "அண்ணே சொல்றது பார்க்கிறதுக்கு. நான் சொல்றது இங்க வர்ற ஆளுங்களுக்கு," என்றேன். எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வாயை விட்டு வந்துவிட்டது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இதை அப்படியே ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க. அதை வச்சு நான் வாங்குறேன்," என்றார்.

இது எனக்கு என்ன என்று டைப்பிஸ்டாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இடது ஓரத்தில், சாரின் பெயரெழுத்துகளுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு, டைப் செய்தவரின் பெயரெழுத்து சின்னதாக இருக்கும். ஏழு ஆண்டுகள் நான் அந்த ஓரத்தில்தான் இருந்தேன். அன்றுதான் முதல்முறையாக ஒரு காகிதத்தின் கீழே, நடுவில், என் முழுப் பெயரை டைப் செய்து, அதற்கு மேல் கையெழுத்துப் போட்டேன். மூன்று தடவை கிழித்துவிட்டு நான்காவது தடவை போட்டேன்.

பெட்டி வந்தது. இரும்பு அலமாரியின் நடுத்தட்டில் உட்கார்ந்தது. தவுக்கே சுவரோரமாகக் கேபிள் இழுத்து மூன்று மேசைகளையும் சேர்த்தார். அதன் பிறகு எங்களுக்கு ஒரு மாதத்துக்குமேல் நெற்றி வேர்வை. மூன்று பேருடைய டிஸ்கெட்டுகளையும் ஒன்றாகக் கொட்டியபோது ஒரே மனிதர் இரண்டாகவும் மூன்றாகவும் வந்து நின்றார். அட்டையோடு வைத்துப் பார்த்து ஒவ்வொருவரையும் ஒருவராக்க வேண்டியிருந்தது.

அந்த வேலையில் ஒருநாள் எங்கள் தோட்டத்துப் பேர் வந்தது. பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனேன். அப்பா இருந்தார், இரண்டு எழுத்துக்கூட்டில், இரண்டு ஆட்களாக. அக்கம்பக்கத்து லயக்காரர்களுக்குச் சாட்சி சொன்னதால் அவர் பேர் பதிவாகியிருந்தது. நான் அட்டையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை அழித்தேன்.

அன்று வீட்டில் சோறு போடும்போது சொன்னேன். "அப்பா, இன்னியிலேருந்து நீங்க ஒரே ஆளு."

"இவ்வளவு நாளா எத்தனை ஆளா இருந்தேன்?"

"ரெண்டு."

"அதான் ரெண்டு ஆளு வேலை வாங்கினானுங்க," என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காமல் புரையேறிவிட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு லாரிகள் எங்கள் தெருவில் வந்து நின்றன. விற்கப்பட்ட ஒரு தோட்டத்திலிருந்து ஆட்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சாட்சி. அண்ணன் விவரம் தம்பியோடு ஒத்துப்போக வேண்டும், மாமியார் சொன்னது மருமகளோடு ஒத்துப்போக வேண்டும். மாடிப்படி முழுக்க ஆட்கள், அஞ்சடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். பழையபடி டிஸ்கெட்டாக இருந்திருந்தால் அன்று நாங்கள் தொலைந்திருப்போம்.

மூன்று மேசைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. நான் அண்ணனுடைய விவரத்தைப் பதிந்ததும், மூன்றாவது மேசைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் தன் இடத்திலிருந்தே அதைத் திறந்து தம்பியோடு ஒப்பிட்டாள். எழுந்து போகவில்லை, கத்தவில்லை. இரண்டு மணி வாக்கில் மழை கட்டியது. முதல் இடியிலேயே கரண்ட் போனது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; எனக்கு அப்படித் தோன்றியது. கரண்ட் வந்ததும் நான் அலமாரி முன் போய் நின்றேன். விசிறி சுற்றியது. பெட்டி தன் சோதனையை முடித்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். காலையிலிருந்து எழுதிய அத்தனை பேரும் இருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவை மட்டும், மேசைக்கு ஒன்றாக மூன்று, போயிருந்தன. அந்த மூன்று பேரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி கேட்டு எழுதிக்கொண்டோம்.

அப்போது அண்ணே ஒரு காரியம் செய்தார். படிவாசலில் நின்றிருந்தவர்களிடம், "பயப்படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கு. எங்க தங்கச்சி தேடிப் பிடிச்ச பெட்டி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது போதும்.

லாரிகள் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரு உள்ள இருக்கா? நல்லாப் பார்த்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரைத் திரை முன்னால் உட்காரவைத்து அவர் பேரைக் காட்டினேன். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை வைத்து எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டார்.

மறு ஆண்டு தைப்பிங்கிலிருந்து ஒரு வழக்கறிஞர் சாருக்குப் போன் செய்து, தங்களுக்கும் ஒரு பெட்டி பார்த்துச் சொல்ல என்னை ஒருநாள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் மூலமாகக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகம் கூப்பிட்டது. பஸ்ஸில் போய் இறங்கினேன். பைக்குள் என் நோட்டு இருந்தது. வாசலில் காவலாளி பெயரெழுதும் புத்தகத்தை நீட்டினார். பெயர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் கம்பெனி என்று போட்டிருந்தது.

"எந்தக் கம்பெனி, அக்கா?"

"கம்பெனி இல்ல. டைப்பிஸ்ட்," என்றேன்.

உள்ளே நான்கு ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நோட்டைத் திறந்து, "மொதல்ல, இங்க கரண்ட் எத்தனை தடவை போகும்?" என்று கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் பேனாவை எடுத்து, நான் கேட்டதை எழுதிக்கொள்ளத் தொடங்கினார்.